யாங்கோனிலிருந்து நான் அணைத்த அடுப்பு

1

வெளிநாட்டவர் பதிவைப் புதுப்பிக்கிற தாளில், 'வீட்டில் எத்தனை பேர்' என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டு மறுபடி மூன்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஊ லே, வெளிய போய் ஒரு டீ குடிங்க. வீட்ல யார் யாரு இருக்காங்கன்னு விரல் விட்டு எண்ணுங்க. அப்புறம் வாங்க" என்று பர்மியத்தில் சொன்னாள். வயதான ஆண்களை இங்கே 'ஊ லே' என்றுதான் கூப்பிடுவார்கள், நம்ம ஊரில் மாமா என்பது போல. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இருபத்தெட்டு வருடமாக வருடம் தவறாமல் அந்த வரிசையில் நிற்கிறவன் நான். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாமா மகள் ராணியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, யாங்கோனின் பபேடான் பேட்டையில் ஒரு சந்துக்குள் மெஸ் நடத்துகிறேன். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் தடுமாறியதில்லை. இப்போது எங்கள் மகள் கலா அயர்லாந்தில் இருக்கிறாள், எட்டு மாதமாக. அவளைக் கூட்டுவதா கழிப்பதா? டீயைக் குடித்த பிறகும் தெரியவில்லை.

அயர்லாந்தில் அவள் கலாவும் இல்லை. இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் அவள் தந்தார் வின். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அந்த ஊர்த் தாளிலோ அது இல்லாமல் ஆகாது. அதனால் கடைசிச் சொல்லைப் பிய்த்து அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். ஆகவே முருகேசன் ஆகிய நான் அந்த நாட்டில் மிஸ்டர் வின்.

என் குழப்பம் இப்படித்தான் தொடங்கியது என்று சொல்ல வந்தேன். உண்மையில் அது ஓர் அடுப்பில் தொடங்கியது.

2

கலா வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். முதலில் ஒரு முதியோர் இல்லம். பிறகு அவளை வேலைக்கு எடுத்த ஆள் அனுப்பும் கம்பெனி, அவளை மேற்குக் கரைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பியது. மைக்கேல் என்கிற எண்பத்து நாலு வயதுப் பெரியவர் தனியாக இருக்கிற வீடு. கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். இடது கால் சரியில்லை. அந்த வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு மாதம் கழிந்ததும் பெரியவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நிலைக்கும். போடாவிட்டால் கம்பெனி வேறு வீடு தேடும். தேடி முடிகிற வரைக்கும் அவளுடைய அனுமதிச் சீட்டு என்ன ஆகும் என்று கேட்டால், ஒருத்தர் ஒன்றும் ஆகாது என்றார், இன்னொருத்தர் திரும்பி வர வேண்டியிருக்கலாம் என்றார். இன்றைய நிலையில் இங்கிருந்து ஒரு பிள்ளை வெளியே போவதே பெரும்பாடு. திரும்பி வந்தால் மறுபடி போக முடியுமா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. சாப்பாட்டுக் கூட்டம் நிற்கிற நேரம். அந்த நேரத்தில்தான் அவள் கூப்பிடுவாள். போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் பரிமாறுவோம், சாப்பிடுகிறவர்களும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அப்படித்தான் அந்த வீட்டை எங்கள் மெஸ் முழுவதும் பார்த்தது.

சுவர் ஒன்றரை முழம் தடிமன், சுண்ணாம்பு வெள்ளை. ஜன்னல்கள் ஒரு தட்டு அகலத்துக்கு. வாசல் கதவைக் குறுக்கே இரண்டாக அறுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். கீழ்ப்பாதியைச் சாத்திவிட்டு மேல்பாதியைத் திறந்து வைத்தால் கோழி உள்ளே வராது, குழந்தை வெளியே போகாது, வெளிச்சம் மட்டும் வரும். ஒரு நீளமான மர பெஞ்சு. அதைப் பிரித்துக் கீழே சாய்த்தால் பெட்டி மாதிரி ஒரு கட்டில். அந்தப் பெட்டிக்குள் மூன்று அண்ணன் தம்பிகள் ஒருத்தர் காலை ஒருத்தர் உதைத்துக்கொண்டு தூங்கினார்களாம். அலமாரியில் தட்டுகள் படுத்திருக்காமல் நின்றுகொண்டிருந்தன, கண்காட்சிக்கு வைத்த மாதிரி.

அப்புறம் அந்த அடுப்பு. தரையோடு தரையாக, சுவரைக் குடைந்து, உள்ளேயே இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் உட்காரலாம் போல அவ்வளவு அகலம். கதவு போலத் திரும்புகிற ஓர் இரும்புக் கை. அதில் கெட்டில் தொங்கும். பெரியவரின் அம்மா இருந்தவரைக்கும் ரொட்டியும் அதில்தானாம். மாவை இரும்புச் சட்டியில் வைத்து மூடி, மூடி மேலே தணலை அள்ளிப் போடுவது. இங்கே ரவைக் கேக் சுடுகிறவர்கள் செய்வதும் அதேதான். அதைக் கேட்டதும் எனக்கு அந்த அம்மாள் மேல் ஒரு தொழில் மரியாதை வந்துவிட்டது.

எரிக்கிறது விறகு இல்லை. சதுப்பு நிலத்தில் கறுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, வெயிலும் காற்றும் படக் காயவைத்து, அடுக்கி வைத்து எரிக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் குடைக் கடை வைத்திருக்கிற மைதீன் காக்கா, தினமும் எங்களிடம்தான் சாப்பிடுவார். அவர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார்.

"என்ன முருகேசு, மண்ணை எரிக்கிறாங்களா? அப்ப சுவரை எதால கட்டுவாங்க, விறகாலயா?"

"நம்மூர்ல சாணியை எரிக்கலையா காக்கா?"

"சாணி மாடு போட்டது. மண்ணு அல்லா போட்டதுல்ல?"

அவருக்கு இரண்டாவது ரசம் ஊற்றினேன்.

3

இனி என் வாய் செய்த வேலை.

ஒரு நாள் கலா, "வீடெல்லாம் புகை வாடை அப்பா. அடுப்புல சாம்பலு மலை மாதிரி கிடக்கு. தினமும் தாத்தாவே குனிஞ்சு குனிஞ்சு ஏதோ செய்றாரு, என்னைத் தொட விடுறதில்ல" என்றாள். பெரியவரை அவள் தாத்தா என்றுதான் எங்களிடம் சொல்வாள்.

அடுப்பு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். பன்னிரண்டு வயதில் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் நான் கற்ற முதல் வேலையே அடுப்பு வழிப்பதுதான். ராத்திரி கடை கட்டும்போது தணலில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். விடிந்ததும் சாம்பலை ஒரு துளி விடாமல் அள்ளி, ஈரத் துணியால் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சூடம் காட்டி, அதிலிருந்து புது நெருப்பு. எங்கள் வீட்டிலும் அம்மா சாணி போட்டு மெழுகி, அடுப்பு மேலேயே சின்னதாக ஒரு கோலம் இழைத்த பிறகுதான் பற்றவைப்பாள். நேற்றைய சாம்பல் அடுப்பில் கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணைத் தெருவே பேசும். இன்றைக்கும் என் மெஸ்ஸில் கரி அடுப்பை நான்தான் வழிக்கிறேன்.

அதனால் சொன்னேன். சோறு வடித்துக்கொண்டே சொன்னேன்.

"சாம்பல் மேல சாம்பலா? நாளைக்கு அவரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, முதல் வேலையா எல்லாத்தையும் அள்ளி வெளிய கொட்டு. தண்ணி தெளிச்சு நல்லாத் துடை. அப்புறம் புதுசாப் பத்தவை. தாத்தா வந்து பாக்கிறப்ப அடுப்பு பளிச்சுன்னு இருக்கணும். அப்புறம் பாரு, அவரு கையெழுத்துப் போடுறாரா இல்லையான்னு."

"சரிப்பா" என்றாள். என் மகள் அப்படிச் சட்டென்று சரி என்கிற ரகமே இல்லை. அன்றைக்கு ஏன் சொன்னாள் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

4

மறுநாள் பன்னிரண்டரைக்கு வழக்கம் போல போன் அடித்தது. ராணி எடுத்தாள்.

"அம்மா, மீ போச்சும்மா!" என்று அந்தப் பக்கம் அழுகை.

பர்மியத்தில் நெருப்புக்கும் மின்சாரத்துக்கும் ஒரே சொல்தான், மீ. மின்சாரம் வந்தால் தெருவே 'மீ லா பீ' என்று கத்துகிற ஊர் இது. கலா எங்களிடம் பேசுகிற தமிழில் பாதி அந்த மாதிரிச் சொற்கள்தான். ராணி பப்படம் பொரித்துக்கொண்டே சொன்னாள்:

"இங்கயும்தான் காலையிலேருந்து போச்சு. அதுக்கு ஏன்டி அழுவுற?"

"அந்த மீ இல்லம்மா! அடுப்பு! தாத்தா அடுப்பு!"

போனை நான் வாங்கினேன். நடந்தது இதுதான். விடியும் முன்னே எழுந்து சாம்பலை வாரியிருக்கிறாள். அடியில் செக்கச்செவேல் என்று தணல். ராத்திரி அணைக்க மறந்துவிட்டார் போல, பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்து ஒரு கெட்டில் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அள்ளினாள், கழுவினாள், துடைத்தாள். தீக்குச்சி கிழித்துப் புதிதாக மூட்டினாள். பெரியவர் கைத்தடியோடு வந்தார். அடுப்பைப் பார்த்தார். ஈரமான தரையைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். கொடுத்த டீயைக் கையில் வாங்கி அப்படியே கீழே வைத்தார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

"திட்டினாக்கூட பரவால்லப்பா. திட்டவே மாட்டேங்கிறாரு."

"நல்லாத்தானே செஞ்சிருக்க? துடைச்சதுக்கா கோபம்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியவரின் தங்கை பிரிஜிட் வந்தாராம். இரண்டு வயல் தள்ளி வாழ்க்கைப்பட்டவர், அவரும் எண்பதைத் தொட்டவர்தான். அவர்தான் கலாவைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய் விவரம் சொன்னார். அதை அவள் மறுநாள் எங்களிடம் சொன்னாள்.

அந்த நெருப்பு அவர்களுடைய தாத்தா காலத்திலிருந்து அணைந்ததே இல்லையாம். பகலில் எரியும். படுக்கப் போகுமுன் தணலை ஒன்றாகக் கூட்டி, சாம்பலால் போர்த்தி, ஒரு ஜெபம் சொல்வார்கள். காலையில் சாம்பலை விலக்கினால் தணல் கண் விழித்திருக்கும். அதன் மேல் நாலு மண்கட்டியை வைத்தால் அன்றைய நெருப்பு. பெரியவர் குனிந்து குனிந்து செய்ததும், ஏதோ முணுமுணுத்ததும் அதுதான். அடுப்பு அணைந்த வீடு என்றால் அந்தப் பக்கத்தில் ஆள் இல்லாத வீடு என்று பொருளாம். ஊரே அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறிய காலம் ஒன்று இருந்தது. மைக்கேலின் கூடப் பிறந்த இரண்டு ஆண்களும் போனார்கள். அவருக்கும் டிக்கெட் வந்தது. யாராவது ஒருத்தர் நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொன்னதால் இவர் தங்கிவிட்டார்.

கேட்டுக்கொண்டே இருந்த எனக்குக் கையிலிருந்த கரண்டி எங்கே என்று தெரியவில்லை. கையிலேயேதான் இருந்தது.

நெருப்புக்காக ஒரு மனிதன் ஊரை விட்டுப் போகாமல் இருந்திருக்கிறான். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததா, அணைந்திருந்ததா? நினைவில்லை. எங்கள் அடுப்பு தினமும் சாகும், தினமும் பிறக்கும். அதற்கு யாரும் அழுததில்லை. சுத்தம் என்று நான் நினைத்தது அங்கே இழவு. மரியாதை என்று நான் சொல்லிக் கொடுத்தது அங்கே அவமரியாதை. இரண்டில் எது தப்பு? இரண்டும் தப்பில்லை என்றால், அந்தக் கிழவர் ஏன் டீ குடிக்கவில்லை?

5

ஏதோ நடந்துவிட்டது என்று கலாவே தெரிவித்ததால், கம்பெனியிலிருந்து நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு படிவம் அனுப்பினார்கள். கீழே விழுந்தாரா, மருந்து மாறியதா, காயமா, பொருள் சேதமா என்று வரிசையாகக் கட்டங்கள். நெருப்பு அணைந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. கலா அவர்களுக்கே போன் செய்து கேட்டாள். மேலதிகாரி அம்மா பொறுமையாகத்தான் விசாரித்தாராம்.

"வீட்டில் ஏதாவது எரிந்துபோனதா?"

"இல்லை. அணைந்துபோனது."

"இப்போது எரிகிறதா?"

"எரிகிறது. நான் பற்றவைத்தேன்."

"அப்படியானால் என்ன பிரச்சினை?"

கலா கட்டங்கள் எல்லாவற்றிலும் 'இல்லை' என்று போட்டு அனுப்பிவிட்டாள். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. கையெழுத்துத் தாள் அலமாரித் தட்டுக்குப் பின்னால் செருகியபடியே இருந்தது. பெரியவர் புது நெருப்பின் பக்கம் போகவில்லை. குளிரில் தூரத்துப் பெஞ்சில் போர்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொல்லித்தானே செஞ்சா? நீங்களே மன்னிப்புக் கேளுங்க" என்றாள் ராணி.

"எனக்கு இங்கிலீஷ் எங்க வருது?"

"சாம்பலை அள்ளச் சொல்ல மட்டும் வந்துச்சா?"

காக்கா பரிந்து பேசுவார் என்று பார்த்தேன். அவரோ, "மாப்பிள்ளை வீட்ல மன்னிப்புக் கேக்கிற மாதிரி நெனைச்சுக்க முருகேசு. சட்டையை மட்டும் மாத்திக்க, மஞ்சளா இருக்கு" என்றார்.

சட்டையை மாற்றிக்கொண்டேன். கலா போனைப் பெரியவர் முன்னால் பிடித்தாள். சிவந்த முகம், வெள்ளைப் புருவம். நான் தமிழில் ஐந்து நிமிடம் பேசினேன். அவள் செய்யவில்லை, நான்தான் சொன்னேன், எங்கள் பக்கத்தில் வழக்கம் இப்படி, என் அறியாமை, பெரிய மனது பண்ண வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். கலா அதை இரண்டு வரியில் சொல்லி முடித்தாள். மீதியை என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

பெரியவர் ஏதோ கேட்டார்.

"உங்க அடுப்பைக் காட்டச் சொல்றாருப்பா."

போனைத் திருப்பிக் கரி அடுப்பைக் காட்டினேன். மேலே சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு எத்தனை வயசு, மிஸ்டர் வின்னுன்னு கேக்குறாரு."

கணக்குப் போட்டேன். காலை ஐந்தரைக்குப் பற்றவைத்தது. "ஏழு மணி நேரம்" என்றேன்.

அவர் முன்னால் சாய்ந்தார். "தினமுமா?"

"தினமும்."

"ஒண்ணுமே இல்லாத அடுப்புலேருந்தா?"

"ஆமாங்க."

"பயமா இருக்காதான்னு கேக்குறாருப்பா."

"எதுக்குப் பயம்?"

கலா கேட்டுச் சொன்னாள். "ஒரு நாளைக்குப் பத்தாமப் போயிட்டா என்ன பண்ணுவீங்கன்னு."

தீப்பெட்டி இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்த மனிதர் கேட்டது தீப்பெட்டி பற்றி இல்லை என்று மட்டும் தெரிந்தது. வேறு எதைப் பற்றி என்று தெரியவில்லை. கும்பிட்டேன். அவரும் கையை உயர்த்தினார். மன்னித்தாரா, போய் வா என்றாரா, கலாவுக்கே விளங்கவில்லை.

6

இரண்டு நாள் கழித்து பிரிஜிட் காரில் வந்தாராம், மடியில் ஒரு பழைய இரும்புச் சட்டியோடு. அதில் தணல்.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டாம். கல்யாணமாகிப் போகிற பெண், பிறந்த வீட்டு அடுப்பிலிருந்து தணல் எடுத்துப் போய்ப் புது வீட்டு அடுப்பைத் தொடங்குவது. பிரிஜிட்டும் அப்படித்தான் கொண்டுபோனார். "உன் நெருப்பு என் வீட்டில் இருந்தது மைக்கேல், இதோ கொண்டுவந்திருக்கிறேன்" என்று அண்ணனிடம் சொன்னார். பெரியவர் எழுந்து நின்றார். கலா மூட்டியிருந்த நெருப்பைத் தானே விலக்கி, இந்தத் தணலை நடுவில் வைத்து, கட்டிகளை அடுக்கினார். அன்றைக்கு அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார். டீயும் குடித்தார்.

இதைக் கேட்டு மெஸ்ஸில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். காக்கா ஒரு பப்படம் கூடுதலாக வாங்கினார். கலா மட்டும் சந்தோஷப்படவில்லை.

"அப்பா, காரிலேருந்து சட்டியை நான்தான் இறக்கினேன். மண்ணெண்ணெய் வாடை அடிச்சுது. தணலுக்கு நடுவுல அந்தக் கடையில விக்கிற வெள்ளைக் கட்டி, சுலபமாப் பத்துறதுக்கு வைப்பாங்களே, அது பாதி எரிஞ்சு கிடந்துச்சு. அந்தப் பாட்டி என்னைப் பாத்தாங்க. உதட்டுல விரல வச்சாங்க. அவங்க வீட்ல மகன் சூடு வர்ற குழாய் போட்டு அடுப்பை எப்பவோ அடைச்சுட்டாராம்."

"இப்ப இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அவங்களுக்கும்."

சொல்லிவிடு என்பதா? சொல்லாதே என்பதா? பொய் நெருப்பில் உண்மையான டீ. ஆனால் நெருப்பில் பொய் எப்படி இருக்க முடியும்? சுடுகிறதே. நான் சாதத்தைக் குழைய விட்டுவிட்டேன். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள், பாவம்.

மாதத்தின் கடைசி நாளில் பெரியவர் தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மறுநாள் காலை முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது, கைத்தடியால் இரண்டு வயலுக்கு அப்பால் காட்டினாராம்.

"அதோ, அதுதான் பிரிஜிட் வீட்டுப் புகைபோக்கி. அதில் புகை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நான் தினமும் இங்கே நிற்கிறவன்."

கலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துமா வாங்கி வைத்தீர்கள் என்று கேட்டாள். அவர் மீதித் தீனியை உதறிவிட்டு, "எண்பது வயதில் அவள் மடியில் நெருப்பை வைத்துக்கொண்டு வந்தாள்" என்றாராம். அவ்வளவுதான். அன்று ராத்திரி இடுக்கியைக் கலா கையில் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து எப்படிப் போர்த்துவது என்று சொல்லிக்கொடுத்தார். ஜெபத்தை மட்டும் அவரே சொன்னார்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "இப்ப நான் என்னப்பா செய்ய? தாத்தாவுக்குத் தெரியும்னு அந்தப் பாட்டிகிட்ட சொல்லவா, வேணாமா?"

மெஸ்ஸில் கூட்டம். ராணி பப்படக் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். காக்கா பார்த்தார். வாயைத் திறந்தேன். எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்குமே.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "அந்த அடுப்புப் பக்கத்துல நீதான் உக்காந்திருக்க. நீயே பாத்துச் செய்."

அந்தப் பக்கம் இடுக்கி சாம்பலை விலக்குகிற சத்தம் கேட்டது.

"சரிப்பா" என்றாள் கலா. "நான் பாத்துக்கிறேன்."